வாகனம் யாருடைய பெயரில்?

வல்லைவெளியை இரவில் கடந்தவர்களுக்கு அந்த இடத்தைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணம் - பருத்தித்துறை வீதியில், வலிகாமம் முடிந்து வடமராட்சி தொடங்கும் இடத்தில், வீடு வாசல் எதுவுமில்லாத நீண்ட வெளி அது. தொண்டைமானாற்று நீரேரி, அதற்கு மேலால் ஒரு பாலம், வீதியோரத்தில் முனியப்பர் கோயில். அவ்வழியே போகும் வாகனக்காரர் பலர் ஒரு நிமிடம் நிறுத்தி, கற்பூரம் கொளுத்தி, உண்டியலில் சில்லறை போட்டுவிட்டுத்தான் போவார்கள். என் கணவரும் அப்படித்தான். அவர் இறந்த பின்பு கார் ஓட்டத் தொடங்கிய நான் அந்த வழக்கத்தைப் பெரிதாகக் கைக்கொள்ளவில்லை. அதனால்தான் வந்தது என்று மாமி இன்றைக்கும் சொல்லுவா.

2023 கார்த்திகைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நெல்லியடியில் ஓர் அந்தியேட்டி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். காரில் நான், எழுபத்தெட்டு வயது மாமி, சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பதினாறு வயது மகன். மழை விட்டு விட்டுத் தூறியது. பாலத்தைக் கடந்து கொஞ்சத் தூரம் வந்திருப்போம். டாஷ்போர்ட்டில் பற்றரியின் சிவப்பு விளக்கு எரிந்தது. சூட்டு முள் மேலே ஏறத் தொடங்கியது. பொனற்றுக்குள்ளிருந்து நீராவி வந்தது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். மகன் இறங்கி, போன் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "அம்மா, பெல்ற் அறுந்திட்டுது" என்றான். அந்தச் சின்னக் காரில் அந்த ஒரு பெல்ற்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது, பற்றரிக்கு மின் ஏற்றும் கருவியையும் சுற்றுகிறது. அது இல்லாமல் ஓட்டினால் என்ஜின் போய்விடும். இது கணவர் சொல்லித் தந்த பாடம். நேரம் ஆறே முக்கால். நல்ல இருட்டு.

முந்திய நாட்களில் என்றால் அவ்வழியால் வரும் முதல் சைக்கிள்காரனே இறங்கி "என்ன பிரச்சினை?" என்று கேட்டிருப்பான். இப்போது யாரும் இரவில் வெளியில் நிற்கும் வாகனத்துக்குக் கிட்ட வருவதில்லை. வாள்வெட்டு, சங்கிலி அறுப்பு என்று பத்திரிகையில் படித்துப் படித்து எல்லோருக்கும் பயம். நிற்பவனுக்கு வருபவனில் பயம், வருபவனுக்கு நிற்பவனில் பயம். எங்கள் கராஜ்காரத் தம்பிக்கு எடுத்தேன். போன் வேலை செய்யவில்லை. அப்போதுதான் காப்புறுதி அட்டையின் பின்பக்கத்தில் இருந்த இலக்கம் நினைவுக்கு வந்தது. வீதியில் வாகனம் நின்றுவிட்டால் இருபத்துநான்கு மணி நேரமும் அழைக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. ஒவ்வொரு வருடமும் காசு கட்டினோமே தவிர ஒருநாளும் அழைத்ததில்லை.

சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று. இரண்டை அழுத்திவிட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருந்தேன். பிறகு ஓர் இளம் பெண்ணின் குரல். கொழும்புத் தமிழ். மரியாதையான பிள்ளை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

"வணக்கம் மெடம், வாகன இலக்கம் சொல்லுங்க."

சொன்னேன்.

"பொலிசி யாருடைய பேருல இருக்கு?"

கணவருடைய முழுப் பெயரையும் சொன்னேன்.

"பாதுகாப்புக்காக சில கேள்விகள் கேக்கணும் மெடம். அவருடைய அடையாள அட்டை இலக்கம்?"

அதையும் தடுமாறாமல் சொன்னேன். அந்த இலக்கம் எனக்கு என்னுடையதைவிட நன்றாகப் பாடம். வங்கிக்கும் பிரதேச செயலகத்துக்கும் ஓய்வூதியத்துக்குமாக அந்த இரண்டு வருடத்தில் எத்தனை படிவத்தில் எழுதியிருப்பேன்!

"நன்றி மெடம். இது ஒரு ஆணோட இலக்கம். நீங்க...?"

"மனைவி."

"அப்ப சேர்கிட்ட ஃபோனைக் குடுங்க மெடம். உரிமையாளர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு உறுதிப்படுத்திட்டு உடனே வாகனம் அனுப்புறோம்."

அந்த இடத்தில் நான் வாயடைத்துப் போனேன்.

எங்கள் அடையாள அட்டை இலக்கத்தில் ஆண், பெண் என்ற விபரம் ஒளிந்திருப்பது பலருக்குத் தெரியாது. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972இலிருந்து வழங்கப்பட்ட பழைய அட்டைகளில் ஒன்பது இலக்கங்களும் வி அல்லது எக்ஸ் என்ற ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதனோடு 500ஐக் கூட்டுவார்கள். 1970 மாசி 1ஆந் திகதி பிறந்த ஆணின் இலக்கம் 70032 என்று தொடங்கும். அதே நாள் பிறந்த பெண்ணின் இலக்கம் 70532 என்று தொடங்கும். 2016இல் பன்னிரண்டு இலக்கம் வந்தபோதும் அந்த 500 மாறவில்லை. பெண்ணின் எண் பெரிதாயிருக்கிறதே என்று என் கணவர் பகிடி பண்ணுவார். வல்லைவெளியில் எனக்கு உதவவேண்டிய நேரத்தில் அந்த ஐந்நூறு இல்லாமற் போனது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அவர் இறந்து இரண்டு வருடமாகிறது" என்று. சொன்னால் அந்தப் பிள்ளை என்ன செய்வாள்? பொலிசி செல்லாது என்பாளா? மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு நாளைக்கு எடுக்கிறோம் என்பாளா? என் போனில் ஒன்பது வீதம்தான் சார்ஜ் இருந்தது. பின்னால் மாமி நீரிழிவுக்காரி, நேரத்துக்குச் சாப்பிட வேண்டியவ. மாமியின் முன்னால் அவவின் மகன் செத்துப்போன கதையை ஒரு கொம்பனிக்கு விளக்கவும் எனக்கு வாய் வரவில்லை.

மகன் என் முகத்தைப் பார்த்தான். கையை நீட்டினான். போனைக் கொடுத்துவிட்டேன்.

அவனுக்குக் குரல் உடைந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தகப்பனின் குரலேதான். "ஹலோ" என்றான். அந்தப் பக்கம் பெயரைச் சொல்லி அவர்தானா என்று கேட்டிருக்க வேண்டும். "ஓம், நான்தான்" என்றான். பிறந்த திகதி கேட்டார்கள், சொன்னான். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார்கள். வீட்டிலக்கம், வீதிப் பெயர், பக்கத்துக் கட்டிடம் என்று அந்தப் பிள்ளை கேட்க, இவன் "வல்லைவெளி, முனியப்பர் கோயிலுக்கும் பாலத்துக்கும் இடையில, யாழ்ப்பாணப் பக்கம் பாத்து" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பெல்ற் அறுந்ததையும் சொன்னான். ஒரு முறைப்பாட்டு இலக்கம் தந்தார்கள். என் கைப்பையிலிருந்த அந்தியேட்டிக் கல்வெட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் அதை எழுதிக்கொண்டான்.

போனை என்னிடம் தந்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பி இருந்துகொண்டான். மாமி ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரு பொய்யைப் பிள்ளையைக் கொண்டு சொல்லுவித்தேன் என்பதைவிட, அவன் அதை எவ்வளவு சுலபமாகச் சொன்னான் என்பதுதான் எனக்கு உறைத்தது.

காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இருந்தோம். வெளியே காற்று காரை ஆட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பாதையில் எத்தனை தரம் "நீ யார்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். என் வயதுப் பெண்களுக்கு இது தெரியும். எங்கள் வீடுகளில் படலையைத் தாண்டும்போது "குடை எடுத்தனியோ?" என்று கேட்பதில்லை. "ஐ.சி. எடுத்தனியோ?" என்றுதான் கேட்பார்கள். தொண்ணூறுகளின் முற்பகுதியில் குடாநாட்டை விட்டு வெளியேற இயக்கத்தின் பாஸ் வேண்டும். 1995 ஐப்பசி 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது அம்மா முதலில் எடுத்தது உறுதிகளும் அடையாள அட்டைகளும் இருந்த தகரப் பெட்டியைத்தான். திரும்பி வந்தபோது வீதிக்கு வீதி ஆமிச் சென்றி. சைக்கிளை விட்டிறங்கி, உருட்டிக்கொண்டு, அட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். 2002இல் ஏ9 திறந்தபோது முகமாலையிலும் ஓமந்தையிலும் வாகனப் புத்தகம், ஆட்களின் விபரம் என்று இரண்டு தரப்புக்கும் ஒப்புவித்தோம். 2006 ஆவணியில் பாதை மூடிய பின்பு கப்பலுக்கும் விமானத்துக்கும் கிளியரன்ஸ் எடுக்க நாட்கணக்கில் நின்றோம்.

இத்தனை வருடத்தில் நான் ஒருவரிடமும் "நீங்கள் யார், அட்டையைக் காட்டுங்கள்" என்று கேட்டதில்லை. அப்படிக் கேட்கலாம் என்று தோன்றியதுமில்லை. கேட்பவர்கள் வேறு, காட்டுபவர்கள் வேறு என்றே வளர்ந்துவிட்டோம்.

ஏழரை மணியளவில் மோட்டார் சைக்கிளில் இரண்டு பொடியன்கள் வந்து நிறுத்தினார்கள். ஹெல்மெற் கழற்றவில்லை. "கார் பழுதோ அம்மா?" என்று ஒருவன் கண்ணாடியில் தட்டினான். நான் கண்ணாடியை இறக்காமலே "ஆக்கள் வருகினம்" என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்திருக்கும். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். பத்து நிமிடத்தில் அதே மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தது. மாமி "முருகா" என்றா. வந்தவர்கள் ஐந்து லீற்றர் தண்ணீர்க் கலன் ஒன்றைக் காருக்கு முன்னால் வீதியில் வைத்துவிட்டு, "தண்ணி விட்டுப் பாருங்கோ" என்று தூரத்திலிருந்தே கத்திவிட்டுப் போனார்கள். யார் பெற்ற பிள்ளைகளோ. அந்தக் கலன் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

எட்டேகாலுக்கு ஒரு வான் மெதுவாக வந்து பின்னால் நின்றது. பெயர்ப்பலகை எதுவும் இல்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ரோச் லைற்றுடன் இறங்கி வந்தார். "அக்கா, கொம்பனி அனுப்பினது" என்றார். மகன் கதவைத் திறக்கப் போனான். அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கி, எனக்கே கேட்காத குரலில், "தம்பி, குறை நினைக்காதேங்கோ. உங்கட ஐ.சி.யை ஒருக்காக் காட்டுங்கோ. முறைப்பாட்டு இலக்கத்தையும் சொல்லுங்கோ" என்றேன்.

"உதவிக்கு வந்த பிள்ளையிட்டையே ஐ.சி. கேக்கிறாய்?" என்று மாமி பின்னாலிருந்து சினந்தா.

அந்த மனிதர் ஒன்றும் கேட்கவில்லை. ஏன், எதற்கு என்று ஒரு சொல் இல்லை. கை தானாகவே சேட்டுப் பைக்குப் போனது. அட்டையை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, மற்றக் கையால் ரோச்சைத் தன் முகத்துக்கே அடித்துக்கொண்டு, இரண்டு அடி பின்னால் தள்ளி நின்றார். அந்த நிற்கையைக் கண்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதே தூரம். அதே மாதிரி உயர்த்திய கை. என் தம்பி நின்ற நிற்கை, என் கணவர் நின்ற நிற்கை. சொல்லிக் கொடுக்கத் தேவையில்லாமல் எங்கள் உடம்புக்குள் அது இருக்கிறது. இவ்வளவு காலமும் அட்டையைக் காட்டிய நான், இப்போது ஒரு மனிதனை மழைக்குள் அப்படி நிற்க வைத்துவிட்டேன்.

ஆனாலும் அட்டையைப் பார்த்தேன். முகத்தையும் பார்த்தேன். முறைப்பாட்டு இலக்கத்தை அவர் தன் போனில் பார்த்துச் சொன்னார், மகன் எழுதியதோடு ஒத்துப்பார்த்தான். சரியாக இருந்தது. கதவைத் திறந்து இறங்கி, "மன்னியுங்கோ தம்பி" என்றேன்.

"இல்லை அக்கா, கேட்டது நல்லது. என்ர மனுசிக்கும் இப்பிடிச் சொல்லித்தான் வைச்சிருக்கிறன்" என்றார். அது உண்மையோ, என் சங்கடத்தைப் போக்கச் சொன்னதோ தெரியாது.

பெல்ற் அறுந்தது என்று முன்கூட்டியே சொன்னதால் நாலைந்து அளவில் கொண்டுவந்திருந்தார். ஒன்று பொருந்தியது. என்ஜின் ஆறியிருந்ததால் மூடியைத் திறந்து, பொடியன்கள் வைத்துவிட்டுப் போன தண்ணீரையே ரேடியேற்றருக்கு விட்டார். இருபது நிமிட வேலை. முடிந்ததும் ஒரு படிவத்தை நீட்டினார். அடியில் "உரிமையாளரின் ஒப்பம்" என்று இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். "அண்ணை காருக்குள்ளையோ?" என்று கேட்டார். அவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். மகன்தான் கதைத்தான் என்பதையும் சொன்னேன்.

சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "உங்கட பேரிலையே வையுங்கோ. பக்கத்தில மனைவி எண்டு எழுதுங்கோ. ஆனா அக்கா, கெதியா பேரை மாத்துங்கோ. இது பெல்ற். ஒரு அடிபாடு எண்டால் நீங்கள் தனிய நிண்டு மாரடிக்கவேணும்" என்றார்.

இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கைக்கு மறுநாள் இதைச் சொன்னபோது, அங்கே போன் எடுத்தவுடன் கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்று "நீங்கள் பாதுகாப்பான இடத்தில் நிற்கிறீர்களா, தனியாகவா நிற்கிறீர்கள்?" என்பதுதான் என்றாள். அதற்குப் பின்னால் ஒரு துயரக் கதை உண்டு. 1988 ஆனியில் எம்50 என்ற நெடுஞ்சாலையில் மரீ வில்க்ஸ் என்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் கார் நின்றுவிட்டது. ஏழு மாதக் கர்ப்பிணி. குழந்தையையும் தங்கையையும் காரில் விட்டுவிட்டு, வீதியோர அவசரத் தொலைபேசிக்கு நடந்து போனாள். பேசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து காணாமற்போனாள். பிறகு கொலையுண்டு கிடந்தாள். அதற்காகத் தண்டிக்கப்பட்டவர் பின்னர் மேன்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார். வீதியில் நிற்கும் பெண்ணைப் பற்றி அந்த நாட்டையே யோசிக்க வைத்த சம்பவம் அது.

எங்கள் நாட்டிலும் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு எடுத்தால் முதலில் எங்கே, என்ன என்றுதான் கேட்கிறார்கள். 2018இல் அது வட மாகாணத்துக்கு வந்த பின்பு எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று தரம் வந்து போயிருக்கிறது. மூன்று தரமும் நோயாளியின் அடையாள அட்டையை எவரும் வாசலில் கேட்கவில்லை.

காப்புறுதிக்காரர் அடையாளம் பார்ப்பது பிழை என்று நான் சொல்லவில்லை. ஒருவருடைய பொலிசியில் இன்னொருவர் உதவி பெறலாம், களவெடுத்த வாகனத்தையே இழுத்துக்கொண்டு போகச் சொல்லலாம். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்கு அவர்கள் பார்த்தது என்ன? ஓர் இலக்கமும் ஒரு பிறந்த திகதியும். இந்த நாட்டில் அடையாள அட்டைப் பிரதி கொடுக்காத இடம் உண்டா? இலக்கம் தெரிந்தால் பிறந்த நாளை யாரும் கணக்குப் பார்த்துச் சொல்லிவிடலாம். இறந்துபோன ஒருவர் அந்தச் சோதனையில் சித்தியடைந்தார். உயிரோடு முன்னால் இருந்த மனைவிதான் தவறினாள். வாகனத்தின் செசி இலக்கத்தைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். 2022இல் எரிபொருளுக்குக் கியூ.ஆர். பதியும்போது அதுவும் எனக்குப் பாடமாகிவிட்டது.

காப்புறுதி முகவரிடம் போய் முழுவதையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார். இறந்தவரின் பெயரிலுள்ள பொலிசியில் விபத்துக்குப் பணம் கேட்டால் எவ்வளவு சிக்கல் என்று விளக்கினார். நான் ஒரு கேள்வி கேட்டேன். இரண்டு வருடமும் இதே அலுவலகத்தில் நான்தான் வந்து காசு கட்டினேன். ஒருவரும் நான் யார் என்று கேட்கவில்லையே? புகைப் பரிசோதனைக்கும் வரி அனுமதிப்பத்திரத்துக்கும் நான்தான் போனேன். அங்கேயும் கேட்கவில்லை. கட்டும்போது தேவைப்படாத உரிமையாளர், உதவி கேட்கும்போது மட்டும் ஏன் நேரில் வர வேண்டும்? அவர் சிரித்துவிட்டுத் தேநீருக்குச் சொன்னார்.

பிழை என் பக்கமும் உண்டு. முதலில் ஆட்டத்திவசம் முடியட்டும் என்றிருந்தேன். பிறகு பெற்றோல் தட்டுப்பாடு வந்தது. பிறகு ஒரு சாட்டும் இல்லை. அந்தப் புத்தகத்தில் அவர் பெயருக்கு மேலே கோடு கீறப்படுவதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. அவ்வளவுதான்.

மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், வாகனப் புத்தகம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போனேன். அவ எனக்குத் தேசவழமையை விளக்கினா. திருமணத்தின் பின் உழைப்பில் வாங்கிய கார் தேடியதேட்டம். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் அதன் 1947ஆம் ஆண்டுத் திருத்தமும் சொல்வதன்படி, மரணசாசனம் எழுதாமல் கணவர் இறந்தால், அவர் விட்ட தேடியதேட்டத்தில் பாதி மனைவிக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்கு. எனக்கு மகளும் மகனும் என்று இரண்டு பிள்ளைகள். ஆகவே ஆளுக்குக் காற்பங்கு. "அப்ப உங்கட மகன் போனில முழுப் பொய் சொல்லேல்லை. முக்கால்வாசிப் பொய்தான்" என்று சொல்லிச் சிரித்தா. அந்தக் கணக்கை மாமிக்கு வந்து சொன்னேன். அன்றிரவுக்குப் பின் அவ அதைப் பற்றிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இந்தக் கடதாசிகளை வீட்டு மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அயல்வீட்டு அக்கா வந்தா. அவவின் கணவர் 1996இல் சுற்றிவளைப்பில் பிடிபட்டுப் போனவர். வரவில்லை. அவருடைய எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் இன்னும் பத்தியில் தறப்பாளால் மூடிக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் தூசி தட்டுவா. மரணச் சான்றிதழ் எடுக்க அவவுக்கு மனமில்லை. 2016இல் சட்டத்தைத் திருத்தி, காணாமற்போனவர்களின் குடும்பத்துக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, அவர் காணக்கிடைக்கவில்லை என்று ஒரு சான்றிதழ் கொடுக்க வழி செய்தார்கள். அதை வைத்துக் காணி, வங்கி அலுவல்களைப் பார்க்கலாம். எடுப்பதா விடுவதா என்று அவ இன்னும் முடிவு செய்யவில்லை. என் மேசையிலிருந்த மரணச் சான்றிதழைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உனக்குக் காட்ட ஒரு கடதாசி இருக்குது பிள்ளை" என்றா. நான் பிந்தியதற்குச் சொன்ன காரணங்களை அதற்குப் பின் நான் யாரிடமும் சொல்வதில்லை.

நாலைந்து தடவை அலைந்து, 2024 வைகாசியில் புத்தகம் என் பெயருக்கு வந்தது. பொலிசியும் அப்படியே. வாகனம் கணவரின் பெயரிலோ, வெளிநாட்டிலுள்ள சகோதரனின் பெயரிலோ, பெயர் மாற்றாமல் ஓப்பின் பேப்பரில் முன்னைய சொந்தக்காரரின் பெயரிலோ வைத்து ஓட்டுகிற பெண்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். ஸ்கூட்டர்கள்தான் அதிகம். உங்கள் பொலிசியில் அழைக்கக்கூடியவராக உங்கள் பெயரையும் போன் இலக்கத்தையும் பதியலாமா என்று முகவரிடம் இன்றைக்கே கேளுங்கள். என் காரில் இப்போது ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறது. வாகன இலக்கம், செசி இலக்கம், பொலிசி இலக்கம், கராஜ், 119, 1990, பெண்களுக்கான உதவிக்கு 1938. வருபவரின் பெயரையும் வாகன இலக்கத்தையும் அழைப்பை முடிக்க முன்பே கேட்டு எழுதிக்கொள்கிறேன். அதைப் பிந்திக் கேட்டதால்தான் அந்த மனிதரை மழையில் நிற்கவிட்டேன்.

மகனுக்குப் பரீட்சைக்கு முன்பே பாடசாலை மூலம் அடையாள அட்டை வந்தது. பன்னிரண்டு இலக்கங்கள். தானே நாளைக் கணக்குப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தமக்கைக்குக் காட்டினான். "அம்மா, இனி பொய் சொல்லுறதெண்டால் என்ர பேரிலையே சொல்லலாம்" என்றான். அவன் அந்த இரவைப் பற்றித் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அதனால் நானும் கேட்டேன், அந்தப் பிள்ளைக்குச் சந்தேகம் வரவில்லையா என்று.

"வந்ததம்மா" என்றான். "கடைசியா, 'சரி தம்பி, கதவெல்லாம் பூட்டிட்டு உள்ளயே இருங்க' எண்டவ. பிறகுதான் சேர் எண்டு மாத்திச் சொன்னவ."